மொனராகலை வெயிலில் ஓடிய பாணி

பதுளை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு கட்டடத்தின் மேல்மாடியில், தகரக் கூரைக்குக் கீழே, வருஷா வருஷம் நான் ஒரு சைக்கிள் சக்கரத்து இரும்புக் குண்டை விளக்கெண்ணெய்க்குள் போட்டு வருகிறேன். பிழைப்பு அது. உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்குப் பௌதிகவியல் டியூஷன். பிசுக்குமை என்ற பாடம் வரும்போது உயரமான கண்ணாடிக் குழாயில் எண்ணெயை நிரப்பி, மேலேயிருந்து குண்டை விடுவேன். தண்ணீரில் விட்டால் விட்ட கையோடு அடியில் போய் உட்கார்ந்துவிடும் அந்தக் குண்டு, விளக்கெண்ணெயில் லீவு முடிந்து வேலைக்குப் போகிறவனைப் போல இறங்கும். பின்பெஞ்சிலிருந்து எவனாவது ஒருவன், “சார், வழியில டீ குடிச்சிட்டு வருமா?” என்பான். வகுப்பு சிரிக்கும். நானும் சிரிப்பேன். அந்தச் சிரிப்புக்குத்தான் அந்தக் குண்டையே போடுகிறேன் என்பது பிள்ளைகளுக்குத் தெரியாது.

பிறகு பாடத்தைச் சொல்வேன். திரவம் என்பது ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடக்கிற படைகள். ஒரு படை முன்னால் போகப் பார்த்தால் பக்கத்துப் படை சட்டையைப் பிடித்து இழுக்கும். சுவரை ஒட்டிய படை நகரவே நகராது. நடுவில் இருப்பது கொஞ்சம் வேகமாகப் போகும். இந்த இழுபறிதான் பிசுக்குமை. தண்ணீரில் இழுபறி குறைவு, எண்ணெயில் கூட, பாணி என்கிற கித்துல் பனைப் பாகில் ரொம்பக் கூட. கடைசியில் கரும்பலகையில் கட்டம் போட்டு ஒரு வரி எழுதுவேன்: சூடு கூடினால் திரவத்தின் பிசுக்குமை குறையும். “இது கட்டாயம் வரும், எழுதிக்கொள்ளுங்கள்” என்பேன்.

எழுதியவர்கள் எல்லோரும் பாஸ். எழுதச் சொன்னவன்தான் பெயில். அந்தக் கதையைத்தான் சொல்ல வருகிறேன்.

எங்கள் டியூஷன் மாடியில் சுவர் கிடையாது, பலகைத் தடுப்புத்தான். தடுப்புக்கு அந்தப் பக்கம் கணக்கு வகுப்பு. அதை எடுக்கிற டீச்சருக்கு என் வகுப்புச் சிரிப்பு ஆகாது. சிரிப்பு கூடினால் பலகையில் இரண்டு தட்டு விழும். முதல் வருஷம் அந்தத் தட்டுக்குப் பயந்து வாயை மூடினேன். அடுத்த வருஷம் அந்தத் தட்டைக் கேட்பதற்காகவே பகிடி விட்டேன். அதற்கும் அடுத்த வருஷம் தட்டுக்கு முன்னால் அந்தப் பக்கத்திலிருந்தும் ஒரு சிரிப்புக் கேட்டது. அதன்பிறகு இருவரும் ஒரே நேரத்தில் கீழே இறங்கி, ஒரே கடையில் வடை தின்று, இரண்டு வேறு பஸ்களில் ஏறினோம். இந்த வேகத்தில் போனால் பென்ஷன் எடுக்கும் வயதில்தான் கல்யாணம் என்று டீச்சருக்கே தோன்றியிருக்க வேண்டும். ஒரு நாள் வடையைப் பிட்டபடியே சொன்னார்:

“அப்பாகிட்ட சொல்லிட்டேன். வந்து பேசச் சொன்னாரு.”

நான் கையிலிருந்த வடையைத் திரும்பத் தட்டில் வைத்தேன்.

டீச்சரின் அப்பாவுக்கு மொனராகலையில் தயிர்க்கடை. அம்மா தவறிப் பல வருஷம். அப்பாவும் மகளும் மட்டும்தான் வீடு. ஆகவே அவர் ஒருவர் தலையாட்டினால் கல்யாணம், ஆட்டாவிட்டால் நான் வடை தின்றதோடு சரி. அந்த மனிதர் உலகத்தை இரண்டாகப் பிரித்து வைத்திருந்தார். ஓடுகிற பொருள், ஓடாத பொருள். ஓடினால் தண்ணீர் கலந்தது, ஓடாவிட்டால் நல்லது. தயிர், பாணி, பால், பருப்புக்கறி, மனிதர்களின் பேச்சு எல்லாவற்றுக்கும் அவரிடம் இந்த ஒரு தராசுதான்.

“கேக் கொண்டு வராதீங்க, ஆப்பிள் கொண்டு வராதீங்க,” என்றார் டீச்சர். “நல்ல கித்துல் பாணி ஒரு போத்தல் கொண்டாங்க. தயிருக்குப் பாணி ஊத்திச் சாப்பிடாம அவருக்கு நாள் போகாது. பாணியில ஏமாறுறவன் வாழ்க்கையில எல்லாத்துலயும் ஏமாறுவான்னு சொல்லுவாரு. பாத்து வாங்குவீங்களா?”

“நானா? பிசுக்குமையே என் பாடம்,” என்றேன்.

“அதான் பயமா இருக்கு,” என்றார்.

அவர்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. பெண் கேட்டு வருகிறவர்கள் கொண்டு வரும் இனிப்பைப் பெண் வீட்டார் வாங்கிச் சாமி படத்துக்கு முன்னால் வைப்பார்கள். பேச்சு முடிவாகும்வரை அதைத் திறக்கக் கூடாது. முடிந்தால் அங்கேயே திறந்து எல்லோரும் வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். முறிந்தால் திறக்காமலே திருப்பிக் கையில் கொடுத்துவிடுவார்கள். ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லை. மூடிய போத்தலோடு ஒருவன் பஸ்ஸுக்கு நின்றால் மொனராகலைக் கடைத்தெருவுக்கே விஷயம் விளங்கிவிடும்.

என் பக்கத்தில் பெரியவர் என்று சொல்ல அக்கா ஒருத்திதான். பூனாகலையில் வாழ்க்கைப்பட்டு, அங்கேயே தேயிலைத் தோட்ட லயத்தில் இருக்கிறாள். பெண் கேட்கப் போவதற்கு முதல் நாளே அங்கே போய்த் தங்கினேன். தை மாதக் குளிர். காலையில் எழுந்தால் வாயிலிருந்து புகை வந்தது. குளித்துவிட்டுத் தலைக்கு எண்ணெய் கேட்டேன். அக்கா தேங்காயெண்ணெய்ப் போத்தலை எடுத்துக் கவிழ்த்துப் பார்த்தாள். எண்ணெய் வெள்ளையாக உறைந்து போத்தலோடு போத்தலாக நின்றது. அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தாள். கொஞ்ச நேரத்தில் ஓரம் இளகி, நடுக்கட்டி மிதந்து, பிறகு எல்லாமே தண்ணீர்போல் ஆயிற்று. நான் அடுப்படியில் குந்தி, கையை நீட்டிக் குளிர்காய்ந்தபடி அதை முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன். பௌதிகவியல் மாஸ்டர். உறைந்த எண்ணெய் இளகுவதைக் கண்ணெதிரே பார்த்தும், மண்டைக்குள் போனது எண்ணெய் மட்டும்தான்.

பாணி விற்கிற கடை பஸ் பாதையோரம். கடைக்காரர் குல்லாவும் ஸ்வெட்டருமாக உட்கார்ந்திருந்தார். பலகையில் வரிசையாகப் போத்தல்கள், கார்க் அடித்து, மேலே பிளாஸ்டிக் சுற்றியவை. ருசி பார்க்க ஒரு போத்தல் மட்டும் தனியாகத் திறந்திருந்தது. அதைச் சாய்த்து, “கையக் காட்டுங்க சார்,” என்றார்.

நான் கையைக் காட்டவில்லை. “ருசி ஆளுக்கு ஆள் மாறுமுங்க. அளவு மாறாது,” என்றேன்.

அக்கா கையை நீட்டி வாங்கி நக்கினாள். “நல்ல பாணி. ஒண்ண எடு, போவோம்.”

அப்படி விட்டுவிட்டால் நான் படித்த படிப்பு எதற்கு? ஒரு போத்தலை எடுத்துத் தலைகீழாகக் கவிழ்த்தேன். கழுத்தில் இருந்த காற்றுக் குமிழ் மேலே ஏறத் தொடங்கியது. எத்தனை கெட்டியோ அத்தனை மெதுவாகக் குமிழ் ஏறும். என் குண்டு இறங்குகிற கணக்குத்தான், தலைகீழாக. ஃபோனில் நேரம் வைத்தேன். குமிழ் ஏறிற்று, ஏறிற்று, அக்கா ஒரு வெற்றிலை போட்டு முடித்தாள், குமிழ் இன்னும் ஏறிக்கொண்டிருந்தது. எனக்கு உடம்பு சிலிர்த்தது. குளிரில் என்று இப்போது தெரிகிறது. அன்று விஞ்ஞானத்தில் என்று நினைத்தேன். ஒவ்வொரு போத்தலாக எடுத்துக் கவிழ்த்தேன். எல்லாமே மெதுவாகத்தான் ஏறின. ஒன்றில் மட்டும் ஒரு இமைப்பொழுது கூடுதல்.

“இதுதான்! இதுதான் முதல் தரம்!” என்று அதைத் தூக்கிப் பிடித்தேன்.

கடைக்காரர் என்னையும் போத்தலையும் பார்த்தார். “சார், இது எல்லாமே ஒரே தாச்சியில ஒரே நாள் காய்ச்சினது.”

“கேட்டியா?” என்றாள் அக்கா. “ஒரே தாய்க்குப் பொறந்த புள்ளைகளுக்குப் பரீட்ச வச்சுக்கிட்டு நிக்கிற. பஸ் போயிருச்சுடா.”

பஸ் போய்த்தான் இருந்தது. அடுத்த பஸ்ஸில் பண்டாரவளைக்கு இறங்கி, அங்கிருந்து வெல்லவாய பஸ் ஏறினோம். அன்றைக்கு அந்த பஸ்ஸும் ஒரு பாடம்தான். சீட்டை ஒட்டி நின்றவர்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு அசையவில்லை. நடுவில் நின்றவர்கள் மட்டும் கண்டக்டர் கத்தக் கத்தக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னுக்கு நகர்ந்தார்கள். ஒவ்வொருத்தரும் பக்கத்தில் நின்றவரை உரசி, இழுத்து, திட்டு வாங்கித்தான் நகர்ந்தார்கள். “அக்கா, பாத்தியா, பஸ்ஸுக்குப் பிசுக்குமை கூட,” என்றேன். “உன் வாய்க்கு அது கொஞ்சம் இருந்தா நல்லா இருக்கும்,” என்றாள்.

எல்ல என்ற ஊரைத் தாண்டி மலை இறங்க இறங்கச் சூடு ஏறிற்று. முதலில் மஃப்ளரைக் கழற்றினேன். பிறகு ஸ்வெட்டர். வெல்லவாயவில் இறங்கும்போது சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. புத்தலயில் அக்கா செருப்பைக் கழற்றிக் காலை நீட்டி, முந்தானையால் விசிறிக்கொண்டாள். நாங்கள் இளகியதெல்லாம் எனக்குத் தெரிந்தது. மடியில், பைக்குள், செய்தித்தாள் சுற்றிய போத்தலுக்குள் என்ன நடக்கிறதென்று மட்டும் தோன்றவில்லை.

மொனராகலையில் வெயில் நெற்றியில் அறைந்தது. கடை முன்னால், வீடு பின்னால். டீச்சரின் அப்பா பெரிய ஆள். வயிறு, மீசை, சிரிப்பு மூன்றுமே பெரியவை. எங்களை உள்ளே வரச் சொன்ன கையோடு ஒரு சட்டி எருமைத் தயிரைத் தூக்கினார். தன் தலைக்கு நேர் மேலே பிடித்தார். கவிழ்த்தார். அக்கா ‘ஐயோ’ என்று எழுந்துவிட்டாள். தயிர் அசையவில்லை. சட்டிக்குள் சிமெண்டு பூசியதுபோல் நின்றது.

“பாத்தீங்களா மாஸ்டர்? நல்ல பொருள் ஓடாது,” என்றார். கடைக்கு வருகிற எல்லோருக்கும் இது நடக்குமாம். டீ போட்டுக்கொண்டிருந்த டீச்சர் குசினி வாசலில் நின்று, எனக்கு மட்டும் தெரியும்படி, கண்ணை உருட்டினார்.

டீ வந்தது. தோட்டம், பாடசாலை, பஸ் கட்டணம் எல்லாம் பேசினோம். பிறகு அக்கா முறைப்படி போத்தலை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினாள். “எங்க பக்கத்துக் கித்துல் பாணிங்க, அண்ணே.”

“ஆகா,” என்று வாங்கினார். சாமி படத்துப் பக்கம் இரண்டு அடி வைத்தார். பழக்கதோஷம், வைக்கும் முன் ஒரு தடவை கவிழ்த்தார்.

குமிழ் விசுக்கென்று மேலே போய்விட்டது.

நான் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். பூனாகலையில் ஒரு வெற்றிலை நேரம் ஏறிய அதே குமிழ். இங்கே சோடாப் போத்தலில் ஏறுவதுபோல் ஏறியது. அவர் இன்னொரு தரம் கவிழ்த்தார். இன்னும் வேகமாக ஏறியதுபோல் எனக்குப் பட்டது.

அவர் சாமி படத்துக்குப் போகவில்லை. திரும்பி வந்து, போத்தலை என் பைக்குப் பக்கத்தில், பெஞ்சில் வைத்தார். “மாஸ்டர், இதுல தண்ணி,” என்றார். கோபமாகச் சொல்லியிருந்தாலாவது பரவாயில்லை. நோயாளியின் வீட்டாரிடம் டாக்டர் பேசுகிற குரல் அது.

அக்கா உதட்டை அசைக்காமல், “டேய், போத்தல் நம்ம பக்கம் வந்துருச்சுடா,” என்றாள்.

குசினி வாசலில் டீச்சர் கதவுநிலையைப் பிடித்தபடி நின்றார். அந்த விரல்கள் பலகைத் தடுப்பில் தட்டுவதுபோல் நிலையில் மெல்லத் தட்டின. சிரிப்பைக் குறைக்கச் சொல்லும் தட்டு இல்லை. ‘ஏதாவது செய்யுங்கள்’ என்ற தட்டு.

நான் எழுந்து நின்றேன். வகுப்பு எடுக்க ஆரம்பித்தேன். எனக்கு வேறென்ன தெரியும்?

“ஐயா, சூடு கூடினா திரவத்தோட பிசுக்குமை குறையும். குளிர்ல அதோட மூலக்கூறுகள் ஒண்ணையொண்ணு இறுக்கிப் பிடிச்சிருக்கும். சூட்டுல பிடி தளரும். காலையில பூனாகலையில இதே போத்தல நான் கவிழ்த்தப்ப...”

“சூட்டுல எளகும்னு எனக்குத் தெரியாதா, மாஸ்டர்?” என்றார் பொறுமையாக. உள்ளே போய் ஒரு போத்தலோடு வந்தார். “இது எங்கட கடைப் பாணி. இதுவும் இதே வெயில்லதான் இருக்கு. இந்தாங்க, கவிழ்த்துப் பாருங்க.”

கவிழ்த்தேன். குமிழ் யோசித்தது. பெரிய மனதோடு கொஞ்சம் நகர்ந்தது. மறுபடி யோசித்தது.

ஒரே சூடு, இரண்டு போத்தல், இரண்டு வேகம். பரீட்சையில் கேட்டிருந்தால் முழு மார்க் கொடுக்கிற கேள்வி. விடை தெரியாத மாஸ்டர்மார் எல்லோரும் செய்வதை நானும் செய்தேன். இன்னொரு பரிசோதனை கேட்டேன்.

“ரெண்டையும் ஃபிரிட்ஜ்ல வைப்போமுங்க. குளிர்ல பாத்தாத்தான் சரியா தெரியும்.”

ஏன் குளிரில் பார்த்தால் சரியாகத் தெரியும் என்று கேட்டிருந்தால் அங்கேயே அழுதிருப்பேன். நல்லவேளை, அவருக்குப் பரிசோதனை பிடித்துவிட்டது. “வைங்க, வைங்க,” என்றார்.

கடை ஃபிரிட்ஜ் நிறையத் தயிர்ச்சட்டி. இடம் செய்ய ஒரு சட்டியை வெளியே எடுத்தேன். ஒரு கையில் சட்டி, மறு கையில் போத்தல்கள். சட்டியை இடுப்பில் இடுக்கினேன். வழுக்கிற்று. தோளில் வைத்தேன். ஒரு ஸ்டூலில் வைத்தேன், ஸ்டூலுக்கு ஒரு கால் கட்டை, அது ஆடிற்று. மறுபடி எடுத்து மறு இடுப்பில் இடுக்கினேன். “குழந்தைய வச்சிருக்கிற மாதிரி ஆட்டிக்கிட்டு நிக்கிற, கீழ வைடா,” என்று அக்கா சத்தம் போட்டபிறகு, போத்தல்களை உள்ளே படுக்கவைத்து, சட்டியையும் எப்படியோ மேல்தட்டில் திணித்துக் கதவைச் சாத்தினேன்.

காத்திருந்தோம். கடைக்கு வந்த ஒருவர், “என்ன விசேஷமா?” என்று கேட்டார். “பாணி ஆறட்டும், சொல்றேன்,” என்றார் அப்பா.

ஃபிரிட்ஜைத் திறந்தார். என் போத்தலைக் கவிழ்த்தார். எனக்கு உயிர் வந்தது. குமிழ் மெதுவாக, மானத்தோடு, பூனாகலையில் ஏறியதுபோல் ஏறிற்று. “பாத்தீங்களா!” என்றேன். பிறகு அவர் தன் போத்தலைக் கவிழ்த்தார்.

அதில் குமிழ் அசையவே இல்லை. அடியிலேயே குடியிருந்தது.

இந்த இடத்தில் புத்தியுள்ள ஒருவன், ‘ரெண்டும் ஏறக்குறைய ஒண்ணுதானுங்க’ என்று சொல்லி மழுப்பியிருப்பான். எனக்கோ கரும்பலகைக்கு முன்னால் நின்று நின்று ஒரு வியாதி பிடித்திருந்தது. பரிசோதனை முடிந்தால் முடிவைச் சத்தமாகச் சொல்ல வேண்டும்.

“ஐயா, உங்களோடதுதான் கெட்டி. என்னோடதுல பிசுக்குமை குறைவு,” என்றேன்.

அக்கா என் தொடையில் கிள்ளிய அடையாளம் கல்யாணப் படம் எடுக்கும்வரை இருந்தது.

அப்பாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. என்மேல் இருந்த வருத்தம்கூடப் போய்விட்டது. தோற்றவனைத் தட்டிக்கொடுக்கிற பெருந்தன்மை வந்துவிட்டது. “அதான் நான் சொல்றேன் மாஸ்டர். நல்ல பொருள் ஓடாது. ஏமாந்துட்டீங்க, பரவாயில்ல, வயசு இருக்கு. இங்க பாருங்க!” என்று ஃபிரிட்ஜின் மேல்தட்டிலிருந்து ஒரு சட்டியை எடுத்தார். இந்தத் தடவை தன் தலைக்கு மேலே இல்லை. மரியாதைக்கு, என் தலைக்கு மேலே பிடித்தார்.

எந்தச் சட்டி என்று பார்த்தேன். என் சட்டி.

தயிருக்கு ஒரு குணம் உண்டு. தொடாமல் விட்டால் பாறைபோல் நிற்கும். ஆட்டினால், குலுக்கினால், உள்ளே பின்னிக்கிடக்கிற பிடிகள் ஒவ்வொன்றாக அறும். அதன்பிறகு மேலே பார்க்கத் திடம், உள்ளே திரவம். ஒரு சிறு தள்ளல் போதும். இதையும் நான் வகுப்பில் சொல்வதுண்டு. அந்தச் சட்டியை நான் இரண்டு இடுப்பிலும் ஒரு தோளிலும் ஆடுகிற ஸ்டூலிலும் வைத்துத் தாலாட்டியிருந்தேன்.

“ஐயா, அந்தச் சட்டி...” என்றேன்.

“பயப்படாதீங்க மாஸ்டர்.”

“இல்லீங்க, அது...”

“அசையாம நில்லுங்க.”

அசையாமல் நின்றேன். பெண் கேட்டு வந்த இடத்தில் ஒரே நாளில் எத்தனை தரம் பெண்ணின் அப்பாவை மறுத்துப் பேசுவது?

அவர் கவிழ்த்தார். தயிர் ஒரு கணம் மரியாதைக்கு நின்றது. பிறகு முழுதாக, ஒரே கட்டியாக, சட்டியின் வடிவத்திலேயே இறங்கி என் தலையில் உட்கார்ந்து, அங்கிருந்து இரண்டு காதுப் பக்கமும் பாய்ந்து, சட்டைக் கொலருக்குள் போயிற்று. நடுவில் வேகமாகவும் ஓரத்தில் மெதுவாகவும் பாய்ந்தது என்பதை நான் உறுதியாகச் சொல்வேன். அவ்வளவு பக்கத்திலிருந்து அதைக் கவனித்த மாஸ்டர் வேறு யாரும் இருக்க முடியாது.

சட்டி அவர் கையில் வெறுமையாக இருந்தது. அவர் அதற்குள் எட்டிப் பார்த்தார், தயிர் இன்னும் அங்கே இருக்கும் என்று நம்புகிறவர்போல.

குசினி வாசலிலிருந்து முதல் சிரிப்பு வந்தது. பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து நான் கேட்டுப் பழகிய சிரிப்பு. இத்தனை நாள் வாயைப் பொத்திச் சிரித்ததையெல்லாம் சேர்த்து அன்று பொத்தாமல் சிரித்தார். சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்:

“அப்பா, நம்ம தயிரு ஓடிருச்சேப்பா. யாரும் தண்ணி கலந்திருப்பாங்களோ?”

அப்பா மகளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். என் மூக்கு நுனியிலிருந்து தயிர் சொட்டிக்கொண்டிருந்தது. “தண்ணி இல்ல...” என்று ஆரம்பித்து நிறுத்தினார். வாழ்க்கையில் முதல் தடவையாக, ஓடுகிற ஒரு பொருளுக்காக அவர் வாதாட வேண்டியிருந்தது.

கிணற்றடிக்குக் கூட்டிப்போய் அவரே வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினார். எருமைத் தயிர் லேசில் போகாது. முடிக்குள் கொழுப்பாகப் பிடித்துக்கொண்டது. “சோப்புப் போடுங்க, காதுக்குப் பின்னால, அங்க இன்னும் இருக்கு,” என்று சொல்லிச் சொல்லி ஊற்றினார். என் சட்டையும் கால்சட்டையும் கொடியில் தொங்கின. அவருடைய சாரம் ஒன்றும் பெனியன் ஒன்றும் தந்தார். சாரத்தை இரண்டு சுற்றுச் சுற்றியும் மிச்சம் இருந்தது. பெனியனுக்குள் இன்னொரு மாஸ்டருக்கும் இடமிருந்தது.

அந்தக் கோலத்தில் வந்து பெஞ்சில், என் பைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். என் போத்தலும் ஃபிரிட்ஜிலிருந்து வந்து அங்கேதான் நின்றது. திருப்பிக் கொடுத்த பொருள். வியர்த்திருந்தது. நான் தாங்கிக்கொள்ள வேண்டிய அடுத்த காட்சியை மனதுக்குள் பார்த்துக்கொண்டேன். மொனராகலை பஸ் ஸ்டாண்டில் மூடிய பாணிப் போத்தலோடு, பெண்ணின் அப்பாவுடைய சாரத்தில் ஒருவன் நிற்கிறான்.

அப்பா என் முன்னால் நின்றார். குனிந்து போத்தலை எடுத்தார். சாமி படத்துக்கு முன்னால் கொண்டுபோய் வைத்தார். கைகூப்பினார். கூப்பிய கையைப் பிரித்த வேகத்தில் போத்தலை மறுபடி எடுத்து, மேலே சுற்றியிருந்த பிளாஸ்டிக்கைப் பல்லால் கடித்து இழுத்தார்.

அக்கா எழுந்துவிட்டாள். “அண்ணே, திறந்தா பேச்சு முடிஞ்சதுன்னு அர்த்தமுங்க.”

“தெரியும் தங்கச்சி,” என்றார் கார்க்கைத் திருகியபடி. “என் சாரத்தக் கட்டிக்கிட்டு நிக்கிற ஆள வெளிய அனுப்பினா, கடத்தெருவுல என்ன பேசுவாங்க? அதவிட இது லேசு.”

கார்க் ‘டப்’பென்று வந்தது. கூடவே வாசமும் வந்தது. விறகுப் புகையும் கித்துலும் கலந்த வாசம். அவர் மூக்கு விரிவதைப் பார்த்தேன். டீச்சர் ஒரு தட்டில் தயிர் வைத்துக் கொண்டுவந்தார். அப்பா கையிலிருந்து என் போத்தலை வாங்கிப் பாணியை ஊற்றினார். குளிர் விட்டுப்போயிருந்ததால் அது நூல் நூலாக இறங்கித் தயிரின் எல்லாப் பக்கமும் ஓடிற்று. பக்கத்தில், அதே தட்டில், கடைப் பாணியையும் கொஞ்சம் ஊற்றினார். அது ஊற்றிய இடத்திலேயே பிசின்போல் உட்கார்ந்தது.

அப்பா முதலில் தன்னுடையதை வாயில் போட்டார். பிறகு என்னுடையதை. பிறகு மறுபடி தன்னுடையதை. முகம் கொஞ்சம் கொஞ்சமாக மாறிற்று.

“கெட்டியா இருக்கிறதுக்குச் சீனியக் கொட்டிக் காய்ச்சினாப் போதும்பா,” என்றார் டீச்சர் மெதுவாக. “நம்மளுக்குப் பாணி போடுறவன் அதத்தான் செய்றான்னு நான் எப்பவோ சொன்னேன். நீங்கதான் குமிழையே பாத்துக்கிட்டு இருந்தீங்க.”

இரண்டு ஆம்பிளைகள், ஆளுக்கு ஒரு போத்தலைக் கவிழ்த்துக் கவிழ்த்துப் பார்த்து, ஒருவன் தண்ணீர் என்றும் ஒருவன் மூலக்கூறு என்றும் வாதாடியிருக்கிறோம். பிசுக்குமை கெட்டியைச் சொல்லும், சுத்தத்தைச் சொல்லாது. அது இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. நான் பிழையான பரிசோதனை செய்து சரியான போத்தலை வாங்கியிருக்கிறேன். அதையும் ஒரே தாச்சியில் காய்ச்சியவற்றிலிருந்து.

அப்பா தட்டை வழித்து முடித்தார். மீசையில் ஒட்டியதையும் விடவில்லை. “இது கடைத்தெருவுக்குத் தெரிய வேணாம்,” என்றார். எது தெரிய வேண்டாம், சீனியா, தயிரா என்று சொல்லவில்லை. இரண்டுமாகத்தான் இருக்க வேண்டும். பிறகு என் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தி, தொழில் ரகசியம் கேட்பதுபோல் கேட்டார்:

“அந்தச் சட்டிய நீங்க என்னதான் செஞ்சீங்க?”

குலுங்கிய தயிரின் கதையைச் சொன்னேன். மூலக்கூறு என்ற சொல்லை விட்டுவிட்டேன். முழுவதும் கேட்டார், நடுவில் மறுத்துப் பேசவில்லை. கடைசியில் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலைத்தான் நான் பூனாகலையிலிருந்து தேடி வந்திருந்தேன். அது தயிருக்கா எனக்கா என்று தெரியாமல் அக்காவைப் பார்த்தேன். அவளுக்கும் தெரியவில்லை.

அவர் குசினிப் பக்கம் திரும்பிச் சத்தம் போட்டார்.

“மாப்பிள்ளைக்குத் தயிர் வைம்மா,” என்றார். ஒரு கணம் யோசித்து, “இந்தத் தடவ தட்டுல,” என்றார்.